"93 பார்த்தவன்" என்று நம்பி 3,380 டொலரைக் கொடுத்தோம்: வெளியூர் பேஸ்போல் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் கவனம்

வங்கியின் தொலைபேசி லைனில் காத்திருந்தபடியே இதை எழுதுகிறேன். அரை மணித்தியாலமாக ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது. நேற்று முன்தினம் இரவுதான் பொஸ்ரனிலிருந்து ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் வெட்கம் முந்திக்கொள்ளும், எழுதமாட்டேன்.

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 3,380 கனடிய டொலர். அதில் ஒரு சதம்கூட இதுவரை திரும்பி வரவில்லை.

தளத்தின் பெயரைப் போடவில்லை. வழக்கு, வக்கீல் என்று எனக்கு இன்னொரு செலவு வேண்டாம். வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் பேஸ்போல் ரசிகர்களுக்கு ரிக்கெற்றும் ஹோட்டலும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக் கொடுக்கும் ஒரு ஆன்லைன் தளம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் நீல ஜெர்சி போட்ட குடும்பங்கள் சிரித்துக்கொண்டிருக்கும். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், அதுவரை பொறுமையாக வாசியுங்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. அவர் 1989இல் இங்கே வந்தவர். வெதுப்பகத் தொழிற்சாலையில் இரவு வேலை. பேஸ்போல் என்றால் என்னவென்று தெரியாத ஏழு பேரோடு ஒரு நிலக்கீழ் வீட்டில் இருந்தார். 1992இல் ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸ் முதன்முறை உலகத் தொடரை, அதாவது பருவத்தின் இறுதிக் கோப்பையை, வென்றபோது, ஊரே ஏன் கத்துகிறது என்று அவர்களுக்குச் சரியாகப் புரியவில்லையாம். அடுத்த வருடம் புரிந்துவிட்டது. 1993 ஒக்டோபர் 23, ஆறாவது ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். பிலடெல்பியா 6-5 என்று முன்னால் நிற்கிறது. மிச் வில்லியம்ஸ் வீசிய பந்தை எங்கள் ஜோ கார்ட்டர் இடது பக்கச் சுவருக்கு மேலால் அனுப்புகிறார். எங்கள் ஆட்டக்காரர் இரண்டு பேர் ஏற்கெனவே பேஸில், அதாவது ஓடிச் சேரும் இடங்களில், நின்றதால் ஒரே அடியில் மூன்று ஓட்டம், 8-6, கோப்பை. "கடைசிப் பந்திலை சிக்ஸர் அடிச்ச மாதிரி" என்று அப்பா இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

அதன் பிறகு முப்பத்திரண்டு வருடம் உலகத் தொடரின் பக்கமே போகாத அணி அது. 2025இல் போனது. லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸோடு ஏழாவது ஆட்டம் வரை இழுத்து, 11ஆவது இன்னிங்ஸில், சொந்த மைதானத்தில் 5-4 என்று தோற்றது. அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "தம்பி, எனக்கு எழுபத்து நாலு வயசு. ஒருக்கா பொஸ்ரனுக்குப் போய் அந்தப் பச்சைச் சுவரைப் பாக்கோணும்."

ஃபென்வே பார்க்கைத்தான் சொல்கிறார். 1912இல் திறந்த மைதானம். இடது பக்கத்தில் 37 அடி உயரத்துக்குப் பச்சைச் சுவர் நிற்கும். மற்ற மைதானங்களில் சாதாரணமாகத் தாண்டிப் போகும் பந்து அங்கே சுவரில் மோதித் திரும்பி விழும். வேறு மைதானத்தில் பிடிபட்டிருக்கும் பந்து அங்கே சுவருக்கு மேலால் போகும். அப்பாவுக்கு அந்தச் சுவரில் ஒரு நியாயமே இல்லை என்று முப்பது வருடமாகக் கோபம். அதனால்தான் பார்க்க ஆசை.

ஒரு பருவத்தில் 162 ஆட்டம், அதில் 81 வெளியூரில். பொஸ்ரனும் நியூயோர்க்கும் எங்கள் பிரிவிலேயே இருக்கின்றன, எப்படியும் ஒவ்வொரு வருடமும் அங்கே போய் ஆடுவார்கள். இந்த முறை அட்டவணையில் இரண்டும் அடுத்தடுத்து விழுந்தன. அப்பா, நான், அக்காவின் பதினான்கு வயது மகன், மூன்று பேர். பொஸ்ரனில் இரண்டு ஆட்டம், நியூயோர்க்கில் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு. எல்லாவற்றையும் நானே தனித்தனியாகப் பதிவுசெய்திருக்கலாம். செய்யவில்லை. வேலைப்பளு, சோம்பல், இரண்டும்தான்.

தளத்தில் எண்ணைக் கொடுத்து பத்து நிமிடத்தில் ஒருவன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா பக்கத்தில் இருந்தார். அவன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "எப்போதிலிருந்து ஜேய்ஸ் ரசிகர்?" என்று கேட்டான். அப்பா தன் ஆங்கிலத்தில் "நைன்ரி த்ரீ" என்றார். அவ்வளவுதான். கார்ட்டர் அடித்தபோது வானொலியில் டொம் சீக் சொன்ன வர்ணனை வசனம் இருக்கிறதே, அதை அவரது குரலிலேயே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டினான். தன் தகப்பனின் தோளில் இருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தானாம். அப்பாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

அப்புறம்தான் வியாபாரம். மூன்றாம் பேஸ் பக்கம், வெளியூர் அணி வீரர்கள் உட்கார்ந்திருக்கும் டக்அவுட்டுக்குச் சற்று மேலே இருக்கைகள் என்றான். ரொறன்ரோவிலும் ஜேய்ஸ் வீரர்கள் மூன்றாம் பேஸ் பக்கம்தான் இருப்பார்கள், ஆகவே "உங்கள் அப்பாவுக்கு வீட்டில் இருந்து பார்ப்பது போல இருக்கும்" என்றான். விஷயம் தெரிந்தவன். அதுதான் எங்களை விழுத்தியது. நாலு ஆட்டத்துக்குப் பன்னிரண்டு ரிக்கெற், நாலு இரவு ஹோட்டல், எல்லாம் சேர்த்து 3,380. கிரெடிட் காட் என்றால் மேலதிகமாக நூற்றுக்கு நாலு வரும், வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பும் இ-ட்ரான்ஸ்பர் என்றால் இல்லை.

எனக்கு அந்த இடத்தில் ஒரு சின்ன இடறல். அப்பாவைப் பார்த்து, "ஒரு நாள் யோசிப்பமா?" என்று கேட்டேன்.

"அவன் 93 பாத்தவன் தம்பி. அவன் பொய் சொல்லான். காசை அனுப்பு."

அனுப்பினேன். அந்தக் கணக்கு தானாகவே பணத்தை ஏற்றுக்கொள்ளும் வகை. அனுப்பிய நொடியிலேயே போய்விட்டது, பிறகு நிறுத்த முடியாது. கிரெடிட் காட் என்றால் வங்கியிடம் முறையிட்டு மறித்திருக்கலாம். நூற்றுக்கு நாலு மிச்சம் பிடித்தேன். அதாவது, 135 டொலரை மிச்சம் பிடிக்கப் போய் 3,380 டொலர்.

ரிக்கெற் ஆட்டத்துக்கு 48 மணித்தியாலம் முன்னால் வரும் என்றார்கள். வரவில்லை. கேட்டால், "வெளியூர் அணிக்கான இருக்கைகள் கடைசி நேரத்தில்தான் விடுவிக்கப்படும்" என்றார்கள். காதுக்கு நியாயமாகத்தான் இருந்தது. ரசிகன் என்று இருபது வருடமாகத் திரிகிற எனக்கே அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

விடிய நாலு மணிக்குக் காரை எடுத்தோம். எல்லையில் சோதித்து விட்டதும் பஃபலோ, ரொச்செஸ்டர், சிரக்யூஸ், ஒல்பனி என்று ஒரே நெடுஞ்சாலை. கிட்டத்தட்ட 880 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பி வருவதைவிடக் கூட. கோவிட் காலத்தில் எல்லை மூடியதால் ஜேய்ஸ் தங்கள் சொந்த ஆட்டங்களையே பஃபலோவில் ஆட வேண்டி வந்ததை அப்பா பேரனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். இடியப்பமும் சம்பலும் பெட்டியில் இருந்தன. நல்ல பயணம். அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஹோட்டலில் முதல் அடி. என் பெயரில் அறை இருக்கிறது, ஆனால் ஒரு சதமும் கட்டப்படவில்லை. "வந்து கட்டுவது" என்று பதிவாகியிருக்கிறது என்றாள் வரவேற்பில் இருந்த பிள்ளை. தளத்துக்கு அடித்தேன். "சிஸ்டத்தில் தாமதம் சேர், உங்கள் காட்டைக் கொடுங்கள், 24 மணி நேரத்துக்குள் திருப்பிப் போடுவோம்." கொடுத்தேன். இரண்டு இரவுக்கும் என் காட்டில் ஏறியது. அது அந்த 3,380க்குள் வராது, தனிக் கணக்கு.

ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது ரிக்கெற் வந்தது. மூன்று ஸ்க்ரீன்ஷொட். மருமகன் பார்த்தவுடனேயே முகத்தைச் சுழித்தான். "மாமா, இது செயலிக்குள்ளை எல்லோ வரவேணும்?" பதினான்கு வயதுப் பெடியனுக்குத் தெரிந்தது. நான் "பேசாமல் வா" என்றேன்.

கென்மோர் நிலையத்தில் இறங்கிச் சனத்தோடு நடந்தோம். அப்பா 93இல் வாங்கிய தொப்பியைப் போட்டிருந்தார். பொஸ்ரன் அணியின் சிவப்புச் சட்டைக்காரர்கள்கூட நின்று அந்தத் தொப்பியைப் புகழ்ந்தார்கள். வாசலில் ஸ்கானரை வைத்ததும் சிவப்பு. திரும்ப வைத்தார்கள். சிவப்பு. அங்கே நின்ற வயதான அம்மா மெதுவாகச் சொன்னார்: "இந்த ரிக்கெற்றில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார்." மற்ற இரண்டும் அதே. ஒரே ரிக்கெற்றை எத்தனை பேருக்கு விற்றிருப்பார்களோ. "இந்தக் கிழமையில் நீங்கள் முதல் ஆள் இல்லை" என்றும் சொன்னார். அது ஆறுதலுக்குச் சொன்னது, எனக்குக் கொதித்தது.

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து தேசிய கீதம் கேட்டது, முதல் கனடாவினது, பிறகு அமெரிக்காவினது.

தெருவோரத்தில் நின்று ஏழு தடவை அடித்தேன். முதலில் எடுத்தவள், "நாங்கள் அனுப்பிவிட்டோம் சேர், வாசலில் ஏற்காவிட்டால் வாசலில்தான் பேச வேண்டும்" என்றாள். அடுத்தவன் மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறானாம். 93 பார்த்தவனைக் கேட்டேன். விடுமுறையில் இருக்கிறானாம். பிறகு யாரும் எடுக்கவில்லை.

அன்றைய ஆட்டத்தை ஹோட்டல் தொலைக்காட்சியில் பார்த்தோம். மைதானத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர் தள்ளி.

மறுநாள் ஆட்டத்துக்கு அணியின் அதிகாரபூர்வ வழியில் நானே மூன்று ரிக்கெற் வாங்கினேன். அந்த நேரத்தில் மிஞ்சிக் கிடந்தவை வலது பக்க இருக்கைகள்தான். பழைய மைதானம் என்பதால் அங்கே கதிரைகள் அடிப்பவரைப் பார்க்காமல் மைதானத்தின் நடுவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். போதாததற்கு எங்களுக்கு முன்னால் கூரையைத் தாங்கும் ஒரு இரும்புத் தூண். அப்பா ஒன்பது இன்னிங்ஸும் கழுத்தை இடது பக்கம் திருப்பியபடியே இருந்தார். பச்சைச் சுவர் மட்டும் நன்றாகத் தெரிந்தது. எட்டாவது இன்னிங்ஸில் முழு மைதானமும் எழும்பி நின்று பாடியபோது அவரும் எழும்பிக் கை தட்டினார். எதிரணியின் பாட்டுக்கு. பிறகு இரவு முழுக்க கழுத்துக்கு எண்ணெய் போட வேண்டியிருந்தது.

நியூயோர்க்குக்குப் போகவில்லை. அந்த ஹோட்டலுக்கு அடித்துக் கேட்டேன், அங்கே என் பெயரில் அறையே இல்லை. ரிக்கெற் ஆறும் வரவேயில்லை. திரும்பி வரும் வழியில் மருமகன் வானொலியைப் போட்டான், அப்பா நிற்பாட்டச் சொன்னார். ஒரு ஜேய்ஸ் ஆட்டத்தை அவர் நிற்பாட்டச் சொன்னதை நான் இதற்கு முன் கண்டதில்லை.

வந்தபிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். மூன்று நாளில் ஐந்து ஈமெயில், ஐந்தும் ஐந்து பெயரில். ஒவ்வொருவரும் என் ஏமாற்றம் தங்களுக்குப் புரிகிறது என்று தொடங்குகிறார்கள். ஒவ்வொருவரும் முழுக் கதையையும் முதலிலிருந்து எழுதச் சொல்கிறார்கள். நாலாவது ஈமெயிலில், தாங்கள் விற்பனையாளர் இல்லையாம், விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் இடைத்தரகர் மட்டும்தானாம், அது விதிமுறைகளில் இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன், இருக்கிறது, எறும்பு எழுத்தில். ஐந்தாவதில், "நல்லெண்ண அடிப்படையில்" அடுத்த பருவத்துக்கு 200 டொலர் வவுச்சர். எனக்கு வேண்டியது 3,380, வவுச்சர் இல்லை. அந்த 200ஐயும் பாவிக்க வேண்டுமானால் அவர்களிடமே திரும்பவும் 1,500 டொலருக்குப் பதிவுசெய்ய வேண்டுமாம்!

கனடிய மோசடித் தடுப்பு மையத்தில் பதிந்துவிட்டேன். இப்போது வங்கி. லைனில் மெட்டு இன்னும் ஓடுகிறது.

சரி, அறிவுரை. விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பின் தெரியாத தளத்துக்கு இ-ட்ரான்ஸ்பர் அனுப்பவே வேண்டாம், மேலதிகம் கட்டினாலும் கிரெடிட் காட்தான். ரிக்கெற் உங்கள் சொந்தச் செயலிக் கணக்குக்குள் வந்து விழுந்த பிறகுதான் காரை எடுக்க வேண்டும், ஸ்க்ரீன்ஷொட் வந்தால் அது வெறும் படம். ஹோட்டலுக்கு நீங்களே நேரடியாக அடித்து, அறை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், காசு கட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், தொலைபேசியில் யாராவது 93ஐப் பற்றி

எடுத்துவிட்டார்கள். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.