உறுதிமொழிக்குப் பின் ஏறி இறங்கிய அலுவலகங்கள்: ஒரு மதிப்புரை

டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை ஒட்டிய ஒரு புறநகரில் வசிக்கும் நான் சென்ற ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழியை எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு வந்த நான்கு மாதங்களில் சில அரசு அலுவலகங்களின் சேவையையும், கட்டணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தரும் ஒரு தனியார் முகவரின் சேவையையும் பயன்படுத்த நேர்ந்தது. அரசு அலுவலகம் என்றாலே இழுத்தடிப்பு, தனியார் என்றால் விரைவு என்ற எண்ணத்தோடுதான் நான் தொடங்கினேன். முடிந்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது.

உறுதிமொழி நிகழ்ச்சியின்போதே கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கு ஈடாகக் கையில் கிடைப்பது என்-550 எனப்படும் குடியுரிமைச் சான்றிதழ் மட்டுமே. இதில் பெயரோ பிறந்த தேதியோ பிழையாக இருந்தால் அரங்கை விட்டு வெளியேறும் முன்பே சொல்லிவிட வேண்டும். தொலைத்துவிட்டால் மாற்றுச் சான்றிதழுக்கு 500 டாலருக்கு மேல் செலவாகும். சான்றிதழைச் சட்டபூர்வ அனுமதியின்றி நகலெடுப்பது குற்றம் என்று அதன்மேலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கே அதன் நகல் கேட்கப்படுகிறது. முறையான தேவைக்காக நகலெடுப்பதில் தவறில்லை. நான் அன்று மாலையே நகல் எடுத்து, ஸ்கேன் செய்தும் வைத்துக்கொண்டேன். பின்னால் மூலச் சான்றிதழ் சில வாரங்கள் என் கையில் இல்லாதபோது அந்த நகல்தான் கைகொடுத்தது.

முதல் வேலை பாஸ்போர்ட். கிரீன் கார்டும் இல்லை, அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் இல்லை என்ற இடைவெளியில் வெளிநாடு போனால் திரும்பி வருவது பெரும் சிக்கலாகிவிடும். ஊரில் வயதான பெற்றோர் இருப்பவர்களுக்கு இந்த இடைவெளி எவ்வளவு கவலை தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதல்முறை விண்ணப்பிப்பவர் டிஎஸ்-11 படிவத்தோடு நேரில் போக வேண்டும். படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது, அதிகாரியின் முன்னிலையில்தான் போட வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது அருகிலிருந்த அஞ்சலகம். பெரியவர்களுக்கான பாஸ்போர்ட் புத்தகத்துக்கு 130 டாலர் வெளியுறவுத் துறையின் பெயரில் காசோலையாகவும், ஏற்புக் கட்டணம் 35 டாலர் அஞ்சலகத்துக்குத் தனியாகவும் கட்டினேன். விரைவுச் சேவைக்கு மேலும் 60 டாலர். கவுண்டரில் இருந்த அம்மையார் என் புகைப்படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணாடி அணிந்த படம் செல்லாது என்று அங்கேயே வேறு எடுத்துத் தந்தார். மொத்தம் இருபது நிமிடங்கள். பாஸ்போர்ட் ஓர் உறையிலும் சான்றிதழ் பின்னொரு நாள் வேறோர் உறையிலும் வந்தன. இரண்டும் ஒன்றாக வராததைப் பார்த்துப் பதற வேண்டாம்; அதுவே வழக்கமான நடைமுறை. ஐந்துக்கு ஐந்து தர எனக்குத் தயக்கம் இல்லை.

சமூகப் பாதுகாப்பு எண்ணை வழங்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தின் பதிவில் குடியுரிமை நிலையை மாற்றுவது இலவசம். 2024 ஏப்ரலுக்குப் பிந்தைய என்-400 எனப்படும் குடியுரிமை விண்ணப்பத்திலேயே இதற்கான கேள்வி உண்டு. அதில் 'ஆம்' என்று குறித்தவர்களின் விவரம் தானாகவே அனுப்பப்படுகிறது. அதற்கு முன்பே விண்ணப்பித்திருந்த நான் நேரில் போய் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். காத்திருப்பைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதை முடித்த பிறகே ஓட்டுநர் உரிமத்துக்குப் போக வேண்டும். டெக்சஸில் பெயர் மாறியவர்கள் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்; மாற்று அட்டைக்கு 11 டாலர். பெயர் மாறாதவர்களும் குடியுரிமை நிலையை அங்கே திருத்திக்கொள்வது நல்லது. காரணம் உண்டு. 2019 ஜனவரியில் டெக்சஸ் அரசு, வாக்காளர் பட்டியலில் உள்ள சுமார் 95,000 பேர் குடியுரிமை இல்லாதவர்களாக இருக்கலாம் என்று அறிவித்தது. அவர்களில் பல்லாயிரம் பேர் உரிமம் வாங்கியபோது கிரீன் கார்டோடு இருந்து, பின்னர் முறையாகக் குடியுரிமை பெற்று வாக்காளர்களானவர்கள். உரிமத் துறையின் பழைய பதிவு மட்டும் மாறாமல் இருந்திருக்கிறது. வழக்குகள் தொடுக்கப்பட்டு, அந்த ஆண்டு ஏப்ரலில் சமரசத்தில் முடிந்தன. வாக்காளர் பதிவைப் பொறுத்தவரை, தேர்தலுக்கு முப்பது நாட்களுக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இனி, தமிழர்களுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். என் இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து மற்றொரு கட்டத்தில் இருந்தன. அமெரிக்க விசாவில் அந்த முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, முதற்பெயருக்கு 'எஃப்என்யூ', அதாவது முதற்பெயர் தெரியாதவர் என்று அச்சாகிவிட்டது. பதினாறு ஆண்டுகள் வங்கியிலும் மருத்துவமனையிலும் என்னை 'ஃப்னூ' என்று அழைத்தார்கள். குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றத்தைக் கேட்கலாம். அப்படிக் கேட்டால் நீதிமன்றத்தின் வழியாக உறுதிமொழி எடுக்க வேண்டியிருப்பதால் சில வாரங்கள் கூடுதலாகலாம். தனியாக வழக்காடிப் பெயர் மாற்றும் செலவை நினைத்தால் இது பெரும் சலுகை. நான் என் பெயரை முதற்பெயராகவும் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகவும் மாற்றிக்கொண்டேன். பெயர் மாற்ற ஆணையைச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்தாதவர்கள் அடுத்த கட்டத்தில் திண்டாடுவார்கள்.

அடுத்த கட்டம் இந்தியா சார்ந்தது. இந்தியக் குடியுரிமைச் சட்டம், 1955-இன் ஒன்பதாம் பிரிவின்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்ற நொடியிலேயே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. கைவசம் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு ஆண்டுகள் மீதம் இருந்தாலும் அதைக் காட்டிப் பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்து 'சரண்டர்' சான்றிதழ் பெற வேண்டும். அதன் பிறகு ஓசிஐ அட்டை, அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை. டெக்சஸில் இருப்பவர்கள் ஹூஸ்டன் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறார்கள்; விண்ணப்பங்களை விஎஃப்எஸ் என்ற தனியார் நிறுவனத்தின் வழியாக அனுப்ப வேண்டும். ஓசிஐ கட்டணம் 275 டாலர், சேவைக் கட்டணம் தனி.

இங்கேதான் நான் முகவரிடம் போனேன். நண்பர் ஒருவர் பரிந்துரைத்தவர். பெயர் இங்கே வேண்டாம். இரண்டு விண்ணப்பங்களுக்கும் சேர்த்து 180 டாலர் வாங்கிக்கொண்டார். பழைய பெயர் கேட்கும் இடத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதாமல், விசாவில் இருந்த எஃப்என்யூவை அப்படியே எடுத்து எழுதிவிட்டார். கையெழுத்துப் படம் அகலமாக, உயரத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்ற விதியையும் கவனிக்கவில்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. கேட்டபோது, பெயர் மாற்ற ஆணை தன்னிடம் தரப்படவில்லை என்றார். நான் அனுப்பிய மின்னஞ்சலை எடுத்துக் காட்டிய பிறகு பேச்சு கூரியர் கட்டணத்துக்குத் தாவியது.

இரண்டாம் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே உட்கார்ந்து நிரப்பினேன். ஓசிஐ படிவத்தில் 'அ', 'ஆ' என்பதுபோல் இரண்டு பகுதிகள் உண்டு. பெற்றோரின் பெயர்களைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டின்படியே எழுதுவதுதான் முக்கியம். மற்றவை பொறுமை இருந்தால் இரண்டு மணி நேர வேலை. ஏழு வாரங்களில் அட்டை வந்து சேர்ந்தது. அதை இரட்டைக் குடியுரிமை என்று எண்ணிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஆயுட்கால விசாதான். இந்தியாவில் வாக்களிக்க முடியாது, விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. பூர்விக நஞ்சை வாரிசுரிமையாக வருவதற்குத் தடையில்லை என்பதை அறிந்த பிறகுதான் ஊரில் என் அப்பா நிம்மதியானார்.

அஞ்சலகத்துக்கு ஐந்து, சோஷியல் செக்யூரிட்டிக்கு நான்கு, முகவருக்கு ஒன்று. அந்த ஒன்றும் அவர் எடுத்த புகைப்படம் மட்டும் நிராகரிக்கப்படவில்லை என்பதற்காக. சென்ற மாதம் அவரே தொலைபேசியில் அழைத்து, பாஸ்போர்ட் மாறும்போதெல்லாம் ஓசிஐயையும் புதுப்பிக்க வேண்டும் என்றும், அதற்கு இப்போதே பதிந்தால் சலுகை உண்டு என்றும் சொன்னார். இருபது வயதுக்குப் பிறகு அட்டை பெற்றவர்கள் அதை மீண்டும் வாங்க வேண்டியதில்லை என்று 2021-இலேயே விதி தளர்த்தப்பட்டுவிட்டது. ஐம்பது வயது முடிந்து புதிய பாஸ்போர்ட் வாங்கும்போது அதன் நகலையும் புகைப்படத்தையும் ஒருமுறை இணையத்தில் ஏற்றினால் போதும், அதற்குக் கட்டணமும் கிடையாது என்று சொன்னேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.