ஃபார்மட் போட்டால் லைசென்ஸ் போய்விடுமா? விண்டோஸ் ஆக்டிவேஷன் பற்றி

கணினியை ஃபார்மட் செய்து மறுபடி நிறுவும்போது ஆக்டிவேஷன் (இது முறையாக வாங்கிய பிரதிதான் என்று தயாரித்த நிறுவனம் சரிபார்ப்பது) எவ்வளவு சிரமமில்லாமல் திரும்பக் கிடைக்கிறது என்பதற்கு முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10 அல்லது 11, அதே கணினி, அதே எடிஷன் (ஹோம், ப்ரோ என்ற வகை), வெறுமனே அழித்துவிட்டு மறுபடி போடுகிறீர்கள் என்றால் ஐந்துக்கு நாலரை. மதர்போர்டை மாற்றிவிட்டுப் போடுகிறீர்கள் என்றால் இரண்டரை. அந்தக் கணினியில் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கும் மற்ற மென்பொருட்களின் ஆக்டிவேஷனுக்கு ஒன்று, அதுவும் இரக்கப்பட்டு.

இந்த நாலரை எங்கிருந்து வந்தது என்று புரிய, பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். 2001-இல் ஆபீஸ் எக்ஸ்பியும் விண்டோஸ் எக்ஸ்பியும் வந்தபோதுதான் மைக்ரோசாஃப்ட் இந்த ஆக்டிவேஷன் முறையைப் பரவலாகக் கொண்டுவந்தது. விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவிய 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால் உள்ளே போகவே விடாது. ஆக்டிவேட் செய்யத் தேவையான 25 எழுத்து ப்ராடக்ட் கீ லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும், சூட்டிலும் கை உரசலிலும் அது அழிந்து, பி-யா 8-ஆ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இணையம் இல்லையென்றால் தொலைபேசியில் நீளமான எண்ணை வாசித்து, பதிலுக்கு அவர்கள் சொல்லும் இன்னொரு நீளமான எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்தக் காலத்து பயம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இன்றைக்கும் "ஃபார்மட் போட்டால் ஒரிஜினல் போய்விடும்" என்று சொல்லிக்கொண்டு தடுமாறும் கணினியையே கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது நிலைமை வேறு. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கும் கணினிகளில் தயாரிப்பாளர்கள் கீயை மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேரிலேயே (மதர்போர்டின் சிப்பிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) எழுதி வைக்கிறார்கள். டிஸ்கை எத்தனை முறை துடைத்தாலும் அது அங்கேயே இருக்கும், நிறுவும்போது செட்டப் தானாகவே படித்துக்கொள்ளும். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது இன்னொன்றும் சேர்ந்தது, அதுதான் டிஜிட்டல் லைசென்ஸ். ஒருமுறை ஆக்டிவேட் ஆனதும் உங்கள் கணினியின் ஹார்டுவேர் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகிவிடும். அடுத்த முறை அதே ஹார்டுவேர் இணையத்தில் தலைகாட்டியதும் கீ கேட்காமலேயே ஆக்டிவேட் ஆகிவிடும். அதனால் செட்டப்பில் கீ கேட்கும் திரை வந்தால் பதற வேண்டாம், கீழே "என்னிடம் ப்ராடக்ட் கீ இல்லை" என்று ஒரு வரி இருக்கும், அதை அழுத்திவிட்டு மேலே போங்கள். நான் ஒரு பழைய லேப்டாப்புக்குப் புது எஸ்எஸ்டி போட்டு நிறுவியபோது, வைஃபை இணைத்துவிட்டு ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அதற்குள் வேலை முடிந்திருந்தது. டிஸ்க் மாறுவதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

சரி, அரை மதிப்பெண் ஏன் குறைந்தது? எடிஷன் விஷயத்தால். ஹோம் எடிஷனோடு வந்த லேப்டாப்பை நடுவில் காசு கொடுத்து ப்ரோவாக மாற்றியிருப்பீர்கள். ஃபர்ம்வேரில் இருப்பது இன்னும் ஹோம் கீதான். மறுபடி நிறுவும்போது செட்டப் அதைப் படித்து, எந்த எடிஷன் வேண்டும் என்று கேட்காமலே ஹோமைப் போட்டுவிடும். ஆக்டிவேஷன் பக்கத்தில் பச்சைக் குறி இருக்கும், எல்லாம் சரி என்றுதான் காட்டும், ஆனால் வேறு கணினியிலிருந்து இதை இயக்க உதவும், ப்ரோவில் இருந்த ரிமோட் டெஸ்க்டாப் வசதியைத் தேடினால் காணோம். லைசென்ஸ் எங்கும் போய்விடவில்லை, ப்ரோவுக்கான பதிவு சர்வரில் இருக்கிறது, அதைக் கேட்பதற்கு ப்ரோ எடிஷன்தான் அங்கே இல்லை. "ப்ராடக்ட் கீயை மாற்று" என்ற இடத்தில், மைக்ரோசாஃப்ட்டே வெளிப்படையாகக் கொடுத்திருக்கும் ப்ரோவின் பொதுக் கீயைப் போட்டால் எடிஷன் மாறும் (அந்தக் கீ எடிஷனை மாற்ற மட்டுமே, அதனால் தனியாக ஆக்டிவேஷன் கிடைக்காது), பிறகு சர்வர் உங்கள் பழைய லைசென்ஸை அடையாளம் கண்டுகொள்ளும். தலைகீழாக, ஹோம் லைசென்ஸ் மட்டும் உள்ள கணினியில் பென் டிரைவில் இருந்த ப்ரோவைப் போட்டுவிட்டால் ப்ரோ லைசென்ஸைக் காசு கொடுத்து வாங்குவதைத் தவிர வேறு வழியே இல்லை, இல்லாவிட்டால் மறுபடி ஹோமை நிறுவியாக வேண்டும். இவ்வளவையும் செட்டப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் தவிர்த்திருக்கலாம்.

மதர்போர்டுக்கு வருவோம். ரேம், டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு இதையெல்லாம் மாற்றினால் பொதுவாக ஒன்றும் ஆகாது. மதர்போர்டை மாற்றினால் சர்வரின் கணக்கில் அது வேறு கணினி. எஃப்211 என்று முடியும் ஒரு பிழை எண் வரும், ஹார்டுவேர் மாறிவிட்டது என்று அர்த்தம். இங்கேதான் லைசென்ஸ் எந்த வகை என்பது முக்கியம். தனியாக வாங்கிய ரீட்டெய்ல் லைசென்ஸ் என்றால் புதுக் கணினிக்குக் கொண்டுபோகலாம், கணினியோடு வந்த ஓஇஎம் என்றால் அது அந்தக் கணினியோடு சரி. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் கமாண்ட் ப்ராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு சாய்கோடும் டிஎல்ஐ-யும் சேர்த்தால் ஒரு சின்னப் பெட்டி வந்து சொல்லும். 2016-இல் வந்த ஆண்டுவிழா அப்டேட்டிலிருந்து டிஜிட்டல் லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு இணைத்து வைக்கலாம். அப்படி இணைத்திருந்தால் ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரில் "சமீபத்தில் ஹார்டுவேரை மாற்றினேன்" என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் பழைய கணினியைக் காட்டி, லைசென்ஸை இதற்கு மாற்றிக்கொள்ளலாம். நல்ல வசதிதான். ஆனால் இணைப்பதைப் பழைய மதர்போர்டு உயிரோடு இருக்கும்போதே செய்திருக்க வேண்டும், அது எரிந்துபோன பிறகு ட்ரபிள்ஷூட்டரைத் திறந்து பிரயோசனம் குறைவு. லைசென்ஸ் ஓஇஎம் என்றால் இது ஆகாது என்று முதல் திரையிலேயே தெளிவாகச் சொல்லவும் மாட்டார்கள், கடைசிவரை போக வைத்துத்தான் சொல்வார்கள். இரண்டரை போட்டது அதற்குத்தான்.

பழைய லேப்டாப் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுவனங்களில் பயன்படுத்திக் கழித்த கணினிகளில் வால்யூம் லைசென்ஸ் (நிறுவனங்கள் பல கணினிகளுக்கு மொத்தமாக வாங்குவது) இருக்கலாம். அதில் கேஎம்எஸ் என்ற வகை, நிறுவனத்தின் உள் சர்வரைத் தொட்டுத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ளும், ஒருமுறை தொட்டால் 180 நாள் செல்லும். வாங்கும் நாளில் ஆக்டிவேட் ஆனதாகவே காட்டும். அந்த 180 நாள் கழித்தோ, நடுவில் நீங்கள் மறுபடி நிறுவும்போதோதான் உண்மை வெளிவரும், ஏனென்றால் அந்த சர்வர் உங்கள் வீட்டில் இல்லை. டிஎன்எஸ் பெயர் இல்லை என்று ஒரு பிழை வந்தால் பெரும்பாலும் இதுதான் சங்கதி, ரௌட்டரைத் திட்டிப் பயனில்லை. சில கணினிகளில் அடியில் ஃபர்ம்வேரில் அசல் ஓஇஎம் கீயும் இருக்கும். அதற்குரிய எடிஷனைப் போட்டுப் பாருங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் அதிலேயே தீர்ந்துவிடும்.

விண்டோஸ் 7, 8 கீகளை வைத்துக்கொண்டு 10-ஐ ஆக்டிவேட் செய்துகொண்டிருந்த காலமும் முடிந்தது. இலவச அப்கிரேடு 2016 ஜூலையோடு சரி என்று அறிவித்தும் அந்தக் கதவு பல வருடம் திறந்தே கிடந்தது, 2023 செப்டம்பரில்தான் மூடினார்கள். அதற்கு முன்பே டிஜிட்டல் லைசென்ஸாக மாறிவிட்ட கணினிகளுக்குப் பாதிப்பில்லை. 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் நிறையப் பேர் இப்போது 11-ஐப் புதிதாகப் போடுகிறார்கள், அதே ஹார்டுவேர் என்றால் 10-இன் லைசென்ஸே 11-க்கும் செல்லும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரையும் சுற்றலில் விடும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே அமையாது, ஆக்டிவேஷனும் நடக்காது. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

அப்புறம் அந்த ஒரு மதிப்பெண் கதை. என்னிடம் ஒரு ஒலித்தொகுப்பு மென்பொருள் இருக்கிறது, பெயர் வேண்டாம். இரண்டு கணினிகளில் போட்டுக்கொள்ளலாம், கணினி மாற்றும்போது மென்பொருளைத் திறந்து "டீஆக்டிவேட்" பொத்தானை அழுத்திவிட்டு வர வேண்டும் என்பது விதி. டிஸ்க் திடீரென்று செத்துவிட்டது. திறக்கவே முடியாத மென்பொருளுக்குள் போய் எந்தப் பொத்தானை அழுத்துவது? புது டிஸ்கில் நிறுவினால் இரண்டு இடமும் நிரம்பிவிட்டது என்கிறது. அதில் ஒரு இடம் இதே கணினிதான், செத்த டிஸ்கோடு இருந்தபோது பிடித்த இடம். சப்போர்ட்டுக்கு எழுதினால், டீஆக்டிவேட் செய்யும் முறையைப் படங்களோடு விளக்கி ஒரு பதில் வந்தது. நன்றி. பிறகு பில், பழைய கணினியின் அடையாள எண், புதியதின் அடையாள எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் இடத்தை விடுவித்தார்கள், "இந்த ஒருமுறை மட்டும்" என்ற பெரிய மனதோடு. இணையதளத்தில் உள்நுழைந்து பழைய கணினியை நாமே நீக்கிக்கொள்ளும் வசதியைப் பல நிறுவனங்கள் கொடுக்கத்தான் செய்கின்றன, இவர்களுக்கு மட்டும் ஏன் மனம் வரவில்லை என்று தெரியவில்லை.

இதில் தொழில்நுட்பக் காரணமும் ஒன்று உண்டு. சில மென்பொருட்கள் டிஸ்க் பகுதியின் வால்யூம் எண்ணையும் சேர்த்துத்தான் கணினியை அடையாளம் காண்கின்றன. ஃபார்மட் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த எண் புதிதாக உருவாகும். ஆகவே ஒரு திருகாணியைக்கூட நீங்கள் கழற்றவில்லை என்றாலும் அவர்கள் கண்ணுக்கு அது புதுக் கணினி. விண்டோஸ் எப்போதோ தாண்டிவந்த இடத்தில் இவர்கள் இன்னும் நிற்கிறார்கள்.

சர்வரையே மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அடோபி தன் பழைய சிஎஸ்2 தொகுப்புக்கான (ஃபோட்டோஷாப் முதலியவை அடங்கியது) ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது, ஏற்கனவே வாங்கியவர்களுக்காக ஆக்டிவேஷன் தேவைப்படாத பிரதியை 2013-இல் கொடுத்தது. எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

அழிப்பதற்கு முன் நான் பார்ப்பது இவைதான். விண்டோஸ் எந்த எடிஷன், லைசென்ஸ் அக்கவுண்ட்டோடு இணைந்திருக்கிறதா, பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புக் கீ கையில் இருக்கிறதா, வைஃபை டிரைவரைப் பென் டிரைவில் எடுத்தாயிற்றா. விண்டோஸ் 11 நிறுவும்போதே இணையம் கேட்கும், டிரைவர் இல்லையென்றால் அந்தத் திரையிலேயே நிற்க வேண்டியதுதான். பிறகு ஒவ்வொரு மென்பொருளாகத் திறந்து டீஆக்டிவேட் செய்கிறேன், வாங்கிய மின்னஞ்சல்களைத் தேடி ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். விண்டோஸுக்காக அவசரப்பட வேண்டியதில்லை, ஆக்டிவேட் ஆகாவிட்டாலும் மூலையில் ஒரு வாசகம் தெரியும், செட்டிங்ஸில் வால்பேப்பர், நிறம் எதையும் மாற்ற விடாது, மற்றபடி ஓடும். முடிந்தால் பழைய டிஸ்கை அழிக்காமல் கழற்றி வைத்துவிட்டுப் புது டிஸ்கில் நிறுவுங்கள். ஏதாவது மென்பொருள் அடம் பிடித்தால் பழையதை மறுபடி மாட்டி, உள்ளே போய், அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு வரலாம்.