பைத்தானின் சூப்பர்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகும் தீராத ஒரு எரிச்சல்

நண்பர் ஒருவர் கேட்டார்: ஒரு கிளாஸுக்கு இரண்டு பேஸ் கிளாஸ் (அது பிறக்கும் தாய்க் கிளாஸ்) இருந்தால் இரண்டின் இனிட்டையும் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் தொடக்க ஃபங்ஷன்) பெயர் சொல்லிக் கூப்பிடுவதா, ஒரே ஒரு சூப்பர் (அடுத்த கிளாஸின் ஃபங்ஷனைக் கூப்பிடும் வழி) போதுமா? போதும், வரிசையில் இருக்கும் எல்லாக் கிளாஸும் ஒத்துழைத்தால், அதாவது ஒவ்வொன்றும் தன் பங்குக்கு சூப்பரைக் கூப்பிட்டால்.

சூப்பர் என்றால் தாய்க் கிளாஸ் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. எம்.ஆர்.ஓ. வரிசையில் (பைத்தான் ஒரு ஃபங்ஷனை எந்தெந்தக் கிளாஸில் அடுத்தடுத்துத் தேடும் என்ற வரிசை) அடுத்து நிற்பது எதுவோ அதுதான் சூப்பர். இடது, வலது என்ற இரண்டு கிளாஸும் மூலம் என்ற கிளாஸிலிருந்து பிறந்து, கடைசி என்ற கிளாஸ் அந்த இரண்டிலிருந்தும் பிறந்தால், வரிசை கடைசி, இடது, வலது, மூலம், ஆப்ஜெக்ட் (எல்லாக் கிளாஸுக்கும் அடியில் இருக்கும் கிளாஸ்). இடதுக்குள் எழுதிய சூப்பர் இங்கே மூலத்துக்குப் போகாது, வலதுக்குப் போகும். அதனால் மூலத்தின் இனிட் ஒரே முறை ஓடுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு முறை ஓடி, மூலத்தின் இனிட் காலியாகத் தொடங்கும் லிஸ்ட் இருந்தால், இடையில் நிரப்பியது மறுபடி காலியாகும். 2003-இல் 2.3 பதிப்போடு வந்த இந்த வரிசையமைக்கும் முறை, சி3, அருமையான வேலை.

எரிச்சல் என்னவென்றால், சங்கிலி அறுந்தால் யாரும் சொல்வதில்லை. பைத்தானோடு வரும் த்ரெட் கிளாஸையே (ஒரு வேலையை மெயின் புரோகிராமோடு சேர்ந்து தனி இழையாக ஓட்டுவது) பாருங்கள். தன் இனிட் ஓடாவிட்டால் ஸ்டார்ட் செய்யும்போதே ரன்டைம் எரர் தருகிறது. ஆனால் அதன் இனிட் தன் பங்குக்கு சூப்பரைக் கூப்பிடுவதில்லை. பேஸ் கிளாஸ் பட்டியலில் த்ரெட்டை முதலில் எழுதி மிக்ஸினை (கூடுதல் வசதி சேர்க்கும் சிறு கிளாஸ்) அடுத்து எழுதினால் மிக்ஸினின் இனிட் ஓடவே ஓடாது. ஆப்ஜெக்ட் சத்தமில்லாமல் உருவாகிவிடும். பிறகு த்ரெட்டின் வேலை ஓடும் ரன் ஃபங்ஷனுக்குள், மிக்ஸினின் இனிட் வைத்திருக்க வேண்டிய லாக்கை (இரண்டு த்ரெட் மோதாமல் காக்கும் பூட்டு) தொடும்போதுதான் அப்படி ஒன்று இல்லை என்று ஆட்ரிபியூட் எரர். அதுவும் அந்த த்ரெட்டோடு செத்துவிடும், மெயின் புரோகிராம் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். தவறு நடந்த வரி ஒன்று, எரர் காட்டும் வரி வேறு. இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

மருந்து: மிக்ஸினை இடப்பக்கம், ஒத்துழைக்காத கிளாஸைக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொரு இனிட்டும் தனக்கு வேண்டியதைக் கீவேர்டாக (பெயர் சொல்லித் தரும் மதிப்பு) மட்டும் வாங்கி, மிச்சத்தை இரட்டை நட்சத்திரத்தோடு (மிச்சக் கீவேர்டுகளை மொத்தமாக அனுப்பும் ** குறி) சூப்பருக்குத் தள்ளட்டும். கீவேர்டில் எழுத்துப்பிழை இருந்தால் அது யாரிடமும் நிற்காமல் கடைசிவரை போய் டைப் எரராக வெடிக்கும். இந்த ஒரு இடத்தில் மொழி நமக்காகக் காவல் காக்கிறது. ஒத்துழைக்காத கிளாஸ் இரண்டு இருந்தால் ஒன்றை இன்ஹெரிட் செய்யாமல் உறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு புகழ்ந்தும், பிறர் எழுதிய கிளாஸோடு இதைக் கலக்க நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எல்லாம் உங்கள் கோடாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.