ஈஸ்ட் இல்லாத பெரிய வெள்ளி பணிஸ்: வருடக்கணக்கில் சுட்ட அனுபவம்

2022 மின்வெட்டுக் காலத்தில்தான் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் ஈஸ்ட் போடாத பணிஸ் சுடத் தொடங்கினோம். அட்டவணை போட்டுக் கரண்ட் வெட்டிய நாட்கள் அவை. மா பொங்கி முடியும்போது அவண் அணைந்திருக்கும். கலந்த கையோடு தட்டில் வைத்து எடுக்கக்கூடியதாக ஏதாவது வேண்டும் என்றுதான் பேக்கிங் பவுடர் பக்கம் போனேன். மின்வெட்டு போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பேக்கரியில் வாங்கும் சிலுவை பணிஸ் போல இழுத்துப் பிய்த்துச் சாப்பிடும் பதம் இதில் வராது. உதிரும், ஸ்கோனுக்குக் கிட்டத்தட்டச் சொந்தக்காரன். எங்கள் மாமி இன்றைக்கும் இதைக் கேக் என்றுதான் சொல்கிறார், ஆனால் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டேதான் சொல்வார்.

நேரம் மிச்சம் என்பதை மட்டும் நம்பி இதற்கு வராதீர்கள். கொழும்புச் சூட்டில் ஈஸ்ட் மாவும் சுறுசுறுப்பாகவே பொங்கிவிடும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் எழுதியிருக்கும் மணிக்கணக்கான காத்திருப்பு இங்கே தேவைப்படாது. எனக்குப் பிடித்தது வேறு: பிசையும் வேலை இல்லை. பெரிய வெள்ளி பின்னேரம் கோயிலில் திருச்சிலுவை வழிபாடு முடிந்து களைத்து வந்த பிறகு மாவோடு மல்லுக்கட்ட யாருக்கு மனம் வரும்?

நான் போடும் அளவு: 250 கிராம் கோதுமை மா, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு சிட்டிகை உப்பு, பட்டரும் சிவப்புச் சீனியும் 60 கிராம் வீதம், ஒரு முட்டை. சட்டித் தயிரில் பால் விட்டு இளக்கி, மா ஒட்டும் பதம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பேன். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தவுடனேயே வாயு கிளம்பத் தொடங்கிவிடும். அதனால் அவணை முன்கூட்டியே 200 பாகையில் சூடாக்கி வைத்துவிட்டுத்தான் தயிரில் கை வைக்க வேண்டும். சோடாவைக் கூட்டினால் நன்றாக எழும்பும் என்று நினைக்காதீர்கள். புளிப்புக்கு மிஞ்சிய சோடா சவர்க்காரச் சுவையாக நாக்கில் நிற்கும்.

தயிர் விட்ட பிறகு கையை அடக்குவதுதான் முக்கியம். காய்ந்த மா கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். கட்டி கட்டியாக, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அதை மினுக்க நினைத்துப் பிசைந்தால் பணிஸ் இறுகிவிடும். கையில் மா தடவி எட்டாகப் பிரித்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் அடுக்கினால் பக்கங்கள் காயாமல் வேகும். என் சின்ன அவணில் 16 நிமிடம் போதும். பின்பக்கம் சூடு கூட என்பதால் பாதியில் தட்டைத் திருப்பி வைப்பேன்.

சிலுவைக்கு மாவையும் தண்ணீரையும் குழைத்து, லஞ்ச் ஷீட்டைக் கூம்பாகச் சுற்றி நுனியை வெட்டிப் பிழியலாம். எனக்கு அதைவிடக் கத்தியால் கீறுவதே பிடிக்கும். வேகும்போது கீறல் விரிந்து, உள்ளே இருக்கும் வெளிறிய மா மேலே வந்து நிற்கும், ஓரங்கள் மட்டும் சிவக்கும். சுடச்சுட எடுத்ததும் கித்துள் பாணியைத் தடவினால் அது கீறலுக்குள் இறங்கிவிடும். சீனிப்பாகை விட இது எவ்வளவோ மேல்.

வாசனைச் சாமானில் நான் சிக்கனம் பார்ப்பதில்லை. லண்டனில் 1592இல் இப்படியான பணிஸைப் பெரிய வெள்ளி, கிறிஸ்மஸ், மரணச் சடங்கு தவிர வேறு நாளில் விற்கக்கூடாது என்று தடை போட்டார்களாம். கறுவா விளையும் நாட்டில் நமக்கேன் அந்தக் கட்டுப்பாடு? போத்தலில் வரும் கலவைப் பொடியை விட்டுவிட்டேன். புறக்கோட்டையில் வாங்கிய மெல்லிய கறுவாச் சுருளை இரண்டு கராம்பு, நாலு ஏலக்காயோடு அன்றே இடித்து, சாதிக்காயை மேலே சுரண்டிப் போடுகிறேன். வெளிநாடுகளில் கறுவா என்று விற்கும் தடித்த கசியாப் பட்டையை வைத்து எழுதிய குறிப்பென்றால் கறுவாவை ஒரு பங்கு கூட்டுங்கள், நம்முடையது மென்மையான வாசம். பிளம்ஸை, அதாவது உலர்ந்த திராட்சையை, சூடான பிளேன் டீயில் ஊறவைத்து வடித்துச் சேர்த்தால் அது மாவின் ஈரத்தை உறிஞ்சாது.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பேக்கிங் பவுடர் டின்னைத் திறந்த சில மாதங்களிலேயே வலு குறைந்துவிடுகிறது. சந்தேகமென்றால் அரைத் தேக்கரண்டியைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். பொசுபொசுவென்று நுரைக்காவிட்டால் புது டின் வாங்குங்கள். திறந்த ஈஸ்ட் பாக்கெட்டுக்கும் இதே கதிதான், ஆகவே அந்த விஷயத்தில் இரண்டும் சமம்.

பெரிய குறை, வைத்துச் சாப்பிட முடியாதது. சுட்ட அன்றைக்குச் சரி. மறுநாள் காலையில் வறண்டிருக்கும், பாதியாக வெட்டி தோசைக்கல்லில் பட்டர் போட்டு வாட்டினால் தப்பிக்கலாம். அதற்கு மேல் வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் பயம் இருக்கிறது. நாலைந்து பேருக்கு மேல் இல்லாத வீடென்றால் எட்டையும் ஒரேயடியாகச் சுட வேண்டாம். மீதியைப் பச்சையாகவே தட்டில் பரத்தி ஃப்ரீசரில் இறுக்கி, பிறகு பையில் போட்டு வைக்கலாம். வேண்டியபோது உருகவிடாமல் அப்படியே அவணுக்குள் வைத்து நாலைந்து நிமிடம் கூடுதலாக விட்டால் போதும். உயரம் கொஞ்சம் குறையும், வாசம் குறையாது.