பிரித்தெடுக்க முடிகிறதா? தூண்டில் கோலை வீட்டில் பழுதுபார்ப்பதும் கட்டுவதும்: ஓர் ஒப்பீட்டு அலசல்

புதிதாகக் கட்டி முடித்த ஏழடிக் கோலை அண்ணன் மகனுக்குக் காட்டுவதற்காகக் கூடத்தில் நின்று உயர்த்திப் பிடித்தபோது, தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருப்பதை மறந்துவிட்டேன். சடக்கென்று ஓர் ஓசை கேட்டது. நுனியிலிருந்து ஒரு சாண் நீளம் தெறித்துப்போய்ச் சன்னல் திரையில் தொங்கியது. "சித்தப்பா, ஃபேன்தான் முதல் மீனா?" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த வரையில் மீன் இழுத்து உடைந்த கோல்கள் குறைவு. மின்விசிறியிலும் கார்க் கதவிலும் அகப்பட்டு உடைந்தவையே அதிகம்.

அன்று எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கடைக்குப் போய்ப் புதுக்கோல் வாங்கலாம்; உடைந்ததைச் சீராக்கலாம்; பிளாங்க் என்று சொல்லப்படும் வெறும் தண்டை வாங்கி, தூண்டில் நூல் ஓடும் வளையம், கைப்பிடி, நூல் சுற்றும் ரீலைப் பொருத்தும் ரீல் சீட் எல்லாவற்றையும் மீண்டும் நாமே கட்டலாம். விலையை வைத்து முடிவெடுப்பதானால் மூன்றாவது வழி முதலிலேயே தோற்றுவிடும். ஆலைக்காரர் மொத்தமாக வாங்கும் பொருளை நாம் ஒவ்வொன்றாகச் சில்லறையில் வாங்குகிறோம். அவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வருவதால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் அவற்றின் தலையில் ஏறுகின்றன. பணத்தை மிச்சப்படுத்தக் கோல் கட்டத் தொடங்குபவர் ஏமாந்துபோவார். ஆகவே நான் விலையை விட்டுவிட்டு வேறோர் அளவுகோலை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வேலையைச் செய்து முடித்த பிறகு அது தவறென்று தெரிந்தால், தண்டுக்குக் காயம்படாமல் அதைப் பிரித்தெடுக்க முடியுமா என்பதே அது. கீழே வரும் ஒப்பீடுகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தவை.

நுனியில் ஒரு சாணுக்குள் ஏற்படும் முறிவு எளிதானது. சிதைந்த பகுதியை நுண்பல் அரத்தால் சுற்றிலும் தேய்த்து நேராக்கிவிட்டு, அங்குள்ள விட்டத்துக்குப் பொருந்தும் நுனி வளையத்தைச் செருகிவிடலாம். கோல் சற்றுக் குட்டையாகும், நுனி முன்பைவிட விறைப்பாகும். சிறு மீன் கொத்துவது முன்போல் துல்லியமாகத் தெரியாது. இங்கே போட்டி பசைகளுக்கு இடையில்தான். அவசரக்காரர்கள் எடுப்பது ஃபெவிகுவிக். கெட்டியாக இருக்கட்டும் என்பவர்கள் எடுப்பது அரால்டைட். இரண்டும் ஒட்டும், ஆனால் அடுத்த முறை அந்த வளையம் உடையும்போது அதைக் கழற்ற வேண்டிய அளவுச் சூடு தண்டின் நுனியையும் கெடுத்துவிடக்கூடும். சூட்டில் உருகும் நுனிப் பசையோ தீக்குச்சியின் இளஞ்சூட்டுக்கே இளகிக் கையோடு வந்துவிடும். கைவினைக் கடையில் கிடைக்கும், பசைத் துப்பாக்கிக்குப் போடும் வெள்ளைப் பசைக் குச்சியும் அவசரத்துக்கு உதவும் என்றாலும், சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அது குழைந்து வளையம் திரும்பிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். கோல்களுக்கென்றே விற்கும் சற்றுக் கடினமான பசைக்குச்சிக்குக் கொடுக்கும் காசு வீணன்று.

தண்டின் நடுவில் முறிந்தால் கதை வேறு. உள்ளே ஒரு துண்டைச் செருகி இணைப்பது ஒரு முறை. வெளியே ஓர் உறையைப் போட்டு இணைப்பது மற்றொன்று. உள்துண்டுக்கு ஏற்றது செத்துப்போன வேறொரு கோலின் பகுதி. தண்டு மேலே போகப் போகக் குறுகுவதால், துண்டைக் கீழ்நுனி வழியாக நுழைத்து மேலே தள்ளினால், அது முறிவைத் தாண்டி வெளியே சிறிது நீட்டிக்கொண்டு தானே இறுகி நிற்கும். அதன்மேல் மேல்பாதியைச் செருகிவிடலாம். தண்டின் விட்டம் 8 மி.மீ. என்றால் முறிவின் இரு பக்கமும் 4 முதல் 5 செ.மீ. வரை உள்துண்டு நீள வேண்டும் என்பது நான் கைக்கொள்ளும் அளவு. வெளியுறை இதைவிட வலுவாகத் தோன்றும்; ஆனால் அதை ஏற்றுவதற்கு அந்தப் பக்கத்து வளையங்களைக் கழற்றியாக வேண்டும், எடையும் கூடும், உறை முடியும் இடத்தில் வளைவு திடீரென்று தடைப்படுவதால் அடுத்த முறிவு அங்கேயே காத்திருக்கும். எந்த முறையானாலும் முறிவின் இரு ஓரங்களிலும் கட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி, இரு கூறுகளைக் கலந்தால் இறுகும் பிசினான எபாக்ஸியைப் பூசாவிட்டால் தண்டின் சுவர் நெடுக்காகப் பிளந்துவிடும். நான் உள்துண்டின் பக்கம். தேய்க்கும்போது கிளம்பும் கண்ணாடியிழைத் தூளும் கார்பன் தூளும் மூச்சுக்கு ஆகாதவை. முகக்கவசம் போட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது.

புதிதாகக் கட்டுவது என்று முடிவெடுத்தவர் முதலில் தண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூங்கிலை இங்கே விட்டுவிடுகிறேன். ஏரிக்கரைச் சிறுவர்களின் மூங்கில் கம்புக்கு ரீலும் இல்லை, வளையமும் இல்லை, பழுதுபார்க்க எதுவுமே இல்லை. மீதமிருப்பவை கண்ணாடியிழையும் கார்பனும். கண்ணாடியிழைக் கோல்கள் 1940களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. கார்பன் இழை 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வலுப்பெற்று, 1970களின் தொடக்கத்தில் தூண்டில் கோலுக்குள் புகுந்தது. கண்ணாடியிழையின் விறைப்பு எண் ஏறத்தாழ 72 கிகா பாஸ்கல்; சாதாரணக் கார்பன் இழையின் எண் ஏறத்தாழ 230. அடர்த்தியிலோ கண்ணாடி ஒரு கன செ.மீ.க்கு 2.5 கிராமுக்குச் சற்று மேல், கார்பன் 1.8 கிராம். மூன்று மடங்கு விறைப்பு, அதுவும் குறைந்த எடையில் கிடைக்கும்போது, நாள் முழுக்க வீசுகிறவரின் மணிக்கட்டு எதைக் கேட்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த விறைப்புக்கு ஒரு விலை உண்டு. கோலின்மீது '24 டன்', '40 டன்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அவ்வளவு பாரம் தாங்கும் என்று நினைப்பவர்கள் பலர். அந்த எண் ஒரு சதுர மி.மீ. கணக்கில் சொல்லப்படும் இழையின் விறைப்பு. வலுவின் அளவு அன்று. டன் ஏற ஏற அதே விறைப்புக்குக் குறைந்த இழை போதுமென்பதால் சுவர் மெலிகிறது. மெலிந்த சுவர் கருங்கல்லில் ஒருமுறை மோதினால், கண்ணுக்குத் தெரியாத காயம்பட்டு, அடுத்த பெரிய மீனுக்கு முறிகிறது. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களுக்கு அரசே 'தூண்டில் வளைவு' என்று பெயர் வைத்திருக்கிறது; அந்தக் கற்களின்மேல் நின்று பாறை மீனுக்கோ கொடுவாவுக்கோ வீசுகிறவர், கோலைக் கல்லில் சாய்த்துவைக்காமல் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க முடியாது. கண்ணாடியிழை அந்த முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஏரியில் தாமரைக் கொடிகளுக்கு நடுவே தவளைப் பொம்மையை இழுத்து விரால் பிடிப்பவருக்கோ, முள் தைத்த நொடியிலேயே மீனைக் கொடிக்கு மேலே கொண்டுவரும் விறைப்பு வேண்டும், அங்கே கார்பன்தான். முதல் கோலைக் கட்டுகிறவருக்கு நான் கண்ணாடியிழையையே சொல்வேன்: நூலை வெட்டும்போது பிளேடு சற்று நழுவினாலும் மெலிந்த கார்பன் சுவரைப் போல் அது உடனே பழிவாங்காது. கார்பன் மின்சாரம் கடத்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடி இடிக்கும்போதும், மின்கம்பி குறுக்கே போகும் கால்வாய்க் கரையிலும் அதை உயர்த்திப் பிடிக்கக்கூடாது.

தண்டுக்கு முதுகெலும்பு உண்டு என்பார்கள். எஃகுக் கம்பியின்மேல் இழைத்துணியைச் சுருட்டிச் சூளையில் சுடும்போது துணியின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பக்கம் சற்று விறைப்பாகிறது. அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து வளையங்களை அதற்கேற்பக் கட்டாவிட்டால் கோல் கையில் முறுக்கிக்கொள்ளும் என்பது பழைய பாடம். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. வளையங்கள் மேல்பக்கம் இருக்கும் கோலில், பாரம் ஏறியதும் நூல் வளையங்களைக் கீழே இழுக்கத்தான் பார்க்கும். முதுகெலும்பு எந்தத் திசையில் இருந்தாலும் அந்த முறுக்கு வரும். தண்டின் இயல்பான சிறு வளைவைப் பார்த்து, நேராகத் தெரியும் பக்கத்தில் வளையங்களை வரிசைப்படுத்துவதே கண்ணுக்கும் நல்லது, வீச்சுக்கும் நல்லது.

வளையங்களில் மூன்று வகை நம் பக்கம் புழங்குகின்றன. வெறும் எஃகு வளையம் கீழே விழுந்தாலும் உடையாது. ஆனால் பின்னல் நூல் ஓடி ஓடி அதில் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் பிறகு நூலையே அறுக்கும். தங்கூஸ் எனப்படும் நைலான் நரம்பை மட்டும் போடுகிறவருக்கு அது போதும். அலுமினியம் ஆக்சைடு பதித்தவை நடுத்தரம். ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் பரப்பிய சிலிக்கான் கார்பைடு வளையங்கள் மிகக் கடினமானவை, சூட்டை விரைவில் கடத்துபவை, மெல்லியவை. ஆனால் கல்லில் மோதினால் மயிரிழை விரிசல் விடும். காது குடையும் பஞ்சுக்குச்சியை வளையத்துக்குள் ஒருமுறை சுழற்றினால், விரிசல் இருக்கும் இடத்தில் பஞ்சிழை மாட்டிக்கொள்ளும். உப்புக் காற்றில் இவற்றைவிடப் பெரிய பகை, வளையத்தைத் தாங்கும் உலோகச் சட்டத்தின் காலில், அதாவது தண்டோடு நூலால் கட்டப்படும் பகுதியில், பிடிக்கும் துருதான். நூல்கட்டுக்குள் பழுப்புக் கறை தெரிந்தால் அந்த வளையத்தின் நாள் எண்ணப்பட்டுவிட்டது. டைட்டானியச் சட்டம் துருப்பிடிக்காது, ஆனால் விலை பல மடங்கு. எஃகுச் சட்டமுள்ள வளையத்தைக் கட்டி, திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது என் வழக்கம்.

எத்தனை வளையம், எந்த இடைவெளி என்பதற்கு அட்டவணைகள் கிடைக்கும். ஏழடிக் கோலுக்கு நுனி நீங்கலாக ஏழு அல்லது எட்டு என்று அவை சொல்லும். அட்டவணையைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, பிறகு கோலையே கேட்பது மேல். சைக்கிள் கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் குழாயான வால்டியூப்பைச் சிறு வளையங்களாக நறுக்கி, அவற்றால் எல்லா வளையங்களையும் தண்டில் மாட்டிவிட்டு, நூலைக் கோத்து, கைப்பிடியை மேசையோடு கட்டி, நூலின் முனையில் தண்ணீர் நிரப்பிய புட்டியைத் தொங்கவிட வேண்டும். வளைவு எங்கே கூர்மையாகிறதோ அங்கே நூல் தண்டைத் தொடப் பார்க்கும். வளையங்களை அங்கே நெருக்கி, கீழே தளர்த்தினால் நூலின் பாதை வளைவோடு ஒட்டிப் போகும். இந்த ஒரு மணி நேர வேலையில் பசையும் இல்லை, பிளேடும் இல்லை. அவசரமாகப் பெருமளவில் கட்டப்படும் கோலை வீட்டுக் கோல் வெல்லும் இடம் இதுதான்.

வளையங்களைத் தண்டோடு சேர்த்துக் கட்டும் நூலைப் பற்றி நீட்டப் போவதில்லை. தையல்காரர் வைத்திருக்கும் சாதாரண நூலில் சிலும்பு இருக்கும். எபாக்ஸி பூசியதும் அது மயிர்போல் எழுந்து நிற்கும். எம்பிராய்டரிக்கான பாலியஸ்டர் நூல் சிலும்பில்லாமல் மின்னும். நைலான் கட்டு நூல் எபாக்ஸியில் நனைந்து நிறம் மங்கிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். அந்தத் தோற்றத்தை விரும்புபவர்களும் உண்டு. நூலுக்கு இழுவிசை கொடுக்கத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை: தடித்த அகராதியின் பக்கங்களுக்கிடையே நூலை விட்டு, மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்தால் போதும்.

பூச்சில் வார்னிஷ், இரு கூறு எபாக்ஸி, புற ஊதா ஒளியில் இறுகும் பிசின் மூன்றும் போட்டியிடுகின்றன. வார்னிஷைப் பல முறை மெல்லியதாகப் பூச வேண்டும், நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிரிப்பதற்கு இதுவே எளிது. ஒளிப்பிசின் சில நிமிடங்களில் இறுகும், ஆனால் கனமாகப் பூசினால் வளையும்போது விரிசல் விடக்கூடும். ஆற்றங்கரை அவசரத்துக்கு ஒரு சிறு புட்டி பையில் இருக்கலாம். எபாக்ஸி ஒரே பூச்சில் கண்ணாடிபோல் நிற்கும், நெகிழ்வும் உண்டு. சென்னையின் வானிலைதான் அதற்கு எதிரி. மே மாத வெக்கையில் கலந்த கொஞ்ச நேரத்திலேயே கெட்டியாகிவிடும். ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தை வாங்கி மேலே மெழுகுபோல் பால்நிறப் படலம் கட்டும். சிறிஞ்சால் இரு கூறுகளையும் சரிசமமாக அளந்து கலந்து, கிண்ணத்திலேயே விடாமல் அலுமினியத் தாளில் பரப்பிவைத்தால் சூடு சேராது, குமிழியும் வெளியேறும். பூசிய கோல் மூன்று நான்கு மணி நேரம் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் கீழ்ப்பக்கம் வழிந்து தொங்கும். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுதான் சுற்றும் என்பதால் இதற்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. 21 வோல்ட்டில் ஓடும் வகையும் உண்டு என்பதால் மேலே உள்ள எழுத்தைப் படித்துவிட்டே வீட்டு மின்சாரத்தில் இணைக்க வேண்டும். எபாக்ஸியின் கடினமாக்கி சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கொண்டுவரும், கையுறை கட்டாயம்.

கைப்பிடியில் என் அளவுகோல் தோற்கிறது. ரீல் சீட்டைப் பிரித்தெடுக்கும்படி ஒட்டினால் முதல் கொடுவாவே அதைத் திருகிவிடும். அங்கே மெதுவாக இறுகும் எபாக்ஸியை நிறைத்து நிரந்தரமாகவே ஒட்ட வேண்டும். ஆகவே அதன் இடத்தை முடிவுசெய்யும் முன், கோலைக் கையில் பிடித்து முழங்கைக்குக் கீழே எவ்வளவு நீட்டுகிறது என்று ஒருநாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளலாம். அதன் மேலும் கீழும் வரும் பிடிக்குத் தக்கை அழகு, ஈ.வி.ஏ. நுரை மலிவு; இரண்டையும் வளையங்களைக் கட்டும் முன்பே நுனி வழியாக இறக்க வேண்டும் என்பதால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. பழைய கோலில் பிடி கிழிந்தால் நான் அதை உரித்துவிட்டு, தண்டின்மேல் பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் நாடாவைச் சுற்றிவிடுகிறேன். வியர்வையில் நைந்தால் அடுத்த வாரம் வேறொன்று.

வளையத்தைப் பிரிக்கும் வேலைக்கு வருவோம். முடி உலர்த்தும் கருவியால் பூச்சை இளஞ்சூடாக்கி, புதிய பிளேடை வளையத்தின் உலோகக் காலுக்கு நேர் மேலே மட்டும் வைத்து நெடுக்காக வெட்ட வேண்டும். அடியில் இருப்பது எஃகு என்பதால் பிளேடு தண்டைத் தொடாது. வெட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினால் நூலும் எபாக்ஸியும் ஒரே பட்டையாகச் சுருண்டு வரும். மின்விசிறியில் அகப்பட்ட அந்தக் கோலில் நுனிக்கு அடுத்த மூன்று வளையங்களை இப்படித்தான் பிரித்து, குட்டையான புதிய வளைவுக்கேற்ப நான்காகக் கட்டினேன். இப்போது அது ஆறேகால் அடி. அண்ணன் மகன் அதைத்தான் ஏரிக்கு எடுத்துப் போகிறான்.