ஓஎஸ்ஸும் ஒரு பாகம்தான்: ஏற்காட்டில் ஐந்து வருடம் ஓட்டிய அனுபவம்

2020 நவம்பரில் சேலத்தில் கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு ஏற்காடு வந்து சேர்ந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் மதர்போர்டுப் பெட்டியை விட்டுக் கை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூராவும் யூடியூபை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மாட்டி முடித்தேன். பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது, போர்டின் ஆரம்ப அமைப்புத் திரையான பயாஸ் வந்தது. வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். "சரி, அடுத்து என்ன?" என்று பையன் கேட்டபோதுதான் உறைத்தது. ப்ராசசருக்கு மூன்று வாரம் யோசித்த நான், அதில் என்ன ஓஎஸ், அதாவது எந்த இயங்குதளம், போடுவது என்று மூன்று நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை.

ஏஎம்டி ரைசன் 3 3200ஜி, பி450 போர்டு, 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். மானிட்டர் பழையது. மொத்தம் 24,000 ரூபாய்க்குள் முடிந்தது. கடைப் பையன் பில் போடும்போதே கேட்டான்: "அண்ணா, ஓஎஸ் போட்டுத் தந்துடட்டுங்களா? ஐநூறுதான்." அது கிராக் செய்த விண்டோஸ் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் நாலைந்து ஹோம்ஸ்டேக்களுக்கும் சில சிறு காப்பித் தோட்டங்களுக்கும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவன். அடுத்தவர் வங்கி விவரம் இருக்கும் மெஷினில் யாரோ ஊர்பேர் தெரியாதவன் உடைத்துக் கொடுத்த சிஸ்டத்தை ஏற்ற மனம் வரவில்லை. முறையான லைசென்ஸ் விலையைக் கேட்டேன். கிட்டத்தட்ட ப்ராசசர் விலை. பர்ஸில் பஸ் டிக்கெட்டுக்குத்தான் மிச்சம் இருந்தது.

அப்படித்தான் காசில்லாமல் கிடைக்கும் ஓஎஸ்ஸான லினக்ஸ் பக்கம் வந்தேன். கொள்கை எல்லாம் இல்லை, காசு இல்லை. லினக்ஸ் என்ற பெயர் அதற்கு முன்பே தெரியும். அண்ணன் மகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே இருந்தன. அவள் ஒரு நாள்கூட பாஸ் பக்கம் போனதில்லை. நானும் கேட்டதில்லை.

மச்சானின் லேப்டாப்பில் உட்கார்ந்து லினக்ஸ் மின்ட் 20, உபுண்டு 20.04, டெபியன் என்ற மூன்று லினக்ஸ் வகைகளையும் டவுன்லோட் செய்து, பென் டிரைவில் ஒவ்வொன்றாக ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பார்த்தேன். இந்த லைவ் வசதியைப் பற்றி யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் பாதி பயம் போயிருக்கும். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே சிஸ்டம் முழுசாக ஓடும். சவுண்டு வருகிறதா, மானிட்டர் சரியான ரெசல்யூஷனில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஏஎம்டி கிராபிக்ஸுக்கான டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் படத்துக்கு ஒரு சிக்கலும் வரவில்லை. மின்ட்டின் சின்னமன் என்ற முகப்பு வடிவத்தை எடுத்தேன். காரணம் எளிது: கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். என் மனைவிக்கு நான் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சிக்கியது வைஃபை. யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன டாங்கிள், எந்த கம்பெனி என்பது வேண்டாம், லினக்ஸில் உயிரே வரவில்லை. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். ஒரு மாலை முழுக்க முட்டிக்கொண்ட பிறகு பையன் ஃபோனை சார்ஜர் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தான். இரண்டு வினாடியில் நெட் வந்துவிட்டது. இன்றும் புது மெஷினில் லினக்ஸ் போடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஃபோனும் டேட்டா கேபிளும் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு ஒன்று, ஐந்து வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது. மெஷின் எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவில் என் பென் டிரைவ் இரண்டு தடவை தெரிந்தது. ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருந்தது, அது மெஷினை எழுப்பும் புதிய முறை; இன்னொன்று வெறும் பெயர், அது பழைய முறை. எதுவானால் என்ன என்று வெறும் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மாதம் சுகமாகப் போனது. பையனின் ஆன்லைன் வகுப்புக்கு ஜூம் லினக்ஸிலேயே ஓடியது. மனைவி வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். வினாத்தாள் டைப் செய்ய வேண்டும். அவளுடைய பழைய தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில். ஃபான்ட் ஃபைலை மின்ட்டில் போட்டதும் லிப்ரே ஆபீஸ் என்ற ஆவண மென்பொருள் அவற்றைத் திறந்துவிட்டது, ஆனால் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, இரண்டு பக்கத் தாள் இரண்டேகால் பக்கமானது. பாமினியில் டைப் செய்ததைத் தேடவும் முடியாது, வாட்ஸப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அது லினக்ஸின் குறை இல்லை. பாமினி, எல்லா மெஷினும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோடு முறையே இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்ட ஏற்பாடு, அவ்வளவுதான்.

யூனிகோடுக்கு மாற ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும் அதோடு வரும் எம்17என் தொகுப்பையும் போட்டேன். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். 'ஹெச்' அடித்தால் க, பின்னாலேயே 'க்யூ' அடித்தால் கா, 'எஃப்' அடித்தால் புள்ளி. முதல் வாரம் மனைவி என்னைத் திட்டினாள். மூன்றாவது வாரத்துக்கு மேல் என் பக்கமே திரும்பவில்லை, விரல் தானாகப் போக ஆரம்பித்துவிட்டது. பாமினியை விட வேகம் என்று அவளே சொன்னாள். ஐந்து வருடத்தில் இந்த மெஷின் எங்கள் வீட்டுக்குச் செய்த பெரிய உபகாரம் எது என்றால் இதைத்தான் சொல்வேன், ரைசனை அல்ல.

அப்புறம் டாலி என்ற கணக்கு மென்பொருள் வந்தது. 2021 ஜனவரியில், காப்பிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு தோட்டக்காரர் தன் கணக்கு முழுவதும் டாலியில்தான் வேண்டும் என்றார். டாலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டப் பார்க்கும் வைன் என்ற கருவியை வைத்து ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அடுத்தவர் ஜிஎஸ்டி கணக்கில் அந்தப் பரிசோதனை எல்லாம் கூடாது என்பது என் கட்சி. அந்த வேலைக்கு வந்த முன்பணத்திலேயே விண்டோஸ் 10 லைசென்ஸ் வாங்கினேன்.

மின்ட்டின் இடத்தைச் சுருக்கி, விண்டோஸை ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் மின்ட் காணாமல் போனது. அழியவில்லை, பழைய பாணி பூட்டில் விண்டோஸ் தன் பூட் லோடரை, அதாவது ஓஎஸ்ஸை எழுப்பும் சின்ன நிரலை, டிஸ்கின் தொடக்கத்தில் எழுதிக்கொள்ளும், லினக்ஸின் பூட் லோடரான க்ரப் அங்கிருந்து போய்விடும். அதனால்தான் இரண்டும் வேண்டுமென்றால் விண்டோஸை முதலில் போடு என்கிறார்கள். பென் டிரைவில் மின்ட்டை மறுபடி எழுப்பி க்ரப்பைத் திரும்ப எழுத ஒரு ராத்திரி போனது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மனைவி விண்டோஸைத் திறந்தாள். "ஏங்க, மணி நாலரைன்னு காட்டுதே?" சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாக எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். நமக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள தூரம் அப்படியே திரையில் வந்துவிட்டது. மின்ட்டில் ஒரு வரிக் கட்டளை கொடுத்து, அதையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றியதும் தீர்ந்தது. இன்னொன்று: விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் செய்தும் அது அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். பொது ஹார்ட் டிஸ்கை மின்ட்டில் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டேன்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் இடி இடித்தால் கரண்ட் போகும். ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். ஒரு யூபிஎஸ் வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். 2022 மே மாதம் ஒரு சாயங்காலம் படாரென்று அணைந்தது. திரும்பப் போட்டால் கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு வரி, பக்கத்தில் மினுக்கும் கோடு. கை நடுங்கியது உண்மை. மேலே இருந்த நாலு வரியைப் பொறுமையாகப் படித்தால் அதுவே வழி சொல்லியிருந்தது: டிஸ்கில் பிழை, எஃப்எஸ்சிகே கட்டளையைக் கையால் ஓட்டு. ஓட்டினேன், எழுந்துவிட்டது. அடுத்த வாரமே யூபிஎஸ் வந்தது.

அதே வருடம் மார்கழிப் பனியில் இன்னொரு நாள் திரையே வரவில்லை. "உன் லினக்ஸ்தான் கெடுத்துடுச்சு" என்று மச்சான் தீர்ப்பு சொன்னார். ராமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினேன், வந்துவிட்டது. ஈரக் காற்றுக்கு எந்த ஓஎஸ் என்ன செய்யும்?

டைம்ஷிஃப்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. மின்ட்டில் அது அருமையான வசதி. சிஸ்டம் கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் உங்கள் சொந்த ஃபைல்களை அது தானாக எடுத்து வைக்காது. எல்லாம் அதில் இருக்கிறது என்று நம்பி ஒரு ஹோம்ஸ்டேயின் மூன்று மாத பில் ஃபோல்டரை அழித்துவிட்டேன். திரும்ப டைப் செய்ய நான்கு நாள் ஆனது.

பிரிண்டரிலும் பட்டேன். பழைய லேசர் பிரிண்டர், மின்ட்டில் நாள் பார்த்துத்தான் வேலை செய்யும். இரண்டு வருடம் பிடிஎஃப் ஆக்கி விண்டோஸுக்குப் போய் அச்சடித்துக்கொண்டிருந்தோம். பிறகு வாங்கிய வைஃபை பிரிண்டரை டிரைவர் எதுவும் கேட்காமல் மின்ட் தானாகவே கண்டுபிடித்தது. விளையாட்டா? பையனுக்கு மைன்கிராஃப்ட் போதுமானதாக இருந்தது, அது மின்ட்டில் ஓடும். வாலரண்ட் கேட்க ஆரம்பித்தபோது விண்டோஸில்தான் என்றேன். அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது. டாலி இருக்கும் பக்கம் விளையாட்டு கூடாது என்றும் சொல்லிவிட்டேன். அதில் இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது அவனுக்கு.

மின்ட் 20-இலிருந்து 21-க்கும், அதிலிருந்து 22-க்கும் அழிக்காமலேயே மேலேற்றினேன். முதலில் அந்த வரிசையின் கடைசிப் பதிப்புக்கு வர வேண்டும், 20.3 அல்லது 21.3; அதன் பிறகுதான் அடுத்த படி. கேபிள் நெட் இல்லாத வீட்டில் ஃபோன் டேட்டாவில் இதைச் செய்வதென்றால் ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்கப் போக வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் ஐந்து வருட ஆதரவு. 22-க்கு 2029 வரை.

இனி அந்தப் பென் டிரைவ் கதை. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்றதும் 11-க்குப் போகலாம் என்று பார்த்தேன். ப்ராசசர் தேர்வாகிவிட்டது. அதுவும் அதிர்ஷ்டம்தான்: காசு மிச்சம் பிடிக்க நான் முதலில் கேட்டது 2200ஜி; கடையில் இருப்பு இல்லாததால் 3200ஜி வாங்கினேன். 2200ஜி விண்டோஸ் 11 பட்டியலிலேயே இல்லை. டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்றது, ஏஎம்டி போர்டில் பயாஸுக்குள் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருந்தது, ஆன் செய்தேன். நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் வேண்டும் என்றது. அங்கே மாட்டியது. அதற்கு யூஇஎஃப்ஐ பாணியில் பூட் ஆக வேண்டும். நான் 2020-இல் எதுவானால் என்ன என்று பழைய பாணியில் போட்டு வைத்திருக்கிறேன். டிஸ்கின் பகுப்பு முறையை எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்ற விண்டோஸிலேயே ஒரு கருவி உண்டு. இரட்டை ஓஎஸ்ஸுக்காக நான் வெட்டி வைத்திருந்த பகுதிகளைப் பார்த்து அது முடியாது என்றுவிட்டது.

கடைசியில் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் எடுத்து வைத்து, துடைத்துவிட்டு, புதிதாகப் போட்டேன். இம்முறை இன்னொரு எஸ்எஸ்டி வாங்கி, விண்டோஸ் 11-க்கு ஒன்று, மின்ட் 22-க்கு ஒன்று. ஒன்றைப் போடும்போது மற்றதன் கேபிளைக் கழற்றிவிட்டேன். இரண்டும் யூஇஎஃப்ஐ. எது வேண்டுமோ பூட் மெனுவில் தேர்ந்துகொள்கிறோம், ஒன்றின் வாலை ஒன்று மிதிப்பதில்லை. லைசென்ஸ் அந்த போர்டோடு பதிவாகியிருந்ததால் மறுபடி காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் கீழே சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் தங்கை மகன், கல்லூரியில் சேர்ந்தவன், பாகங்களின் விலைப் பட்டியலை அனுப்பி "மாமா, சரியா இருக்கா?" என்று கேட்டான். முதல் வரியாக ஓஎஸ் என்று எழுதி, அவன் பாடத்திட்டத்தில் என்ன மென்பொருள் கேட்கிறார்கள், வீட்டில் என்ன பிரிண்டர், யார் யார் உட்காருவார்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். பதில் வர இரண்டு நாள் ஆனது. வந்தபோது வைஃபை டாங்கிளும் கிராபிக்ஸ் கார்டும் மாறியிருந்தன.

எங்கள் வீட்டில் பாக்கி ஒரு வேலை இருக்கிறது. மனைவியின் பழைய பாமினித் தாள்கள் முந்நூறுக்கு மேல், இன்னும் யூனிகோடுக்கு மாற்றவில்லை. மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆனால் கணக்குத் தாள்களில் இடையிடையே வரும் ஆங்கில எழுத்துகளையும் தமிழாக்கிவிடுகின்றன. எக்ஸும் ஒய்யும் என்னென்னவோ ஆகி நிற்கின்றன. கோடை விடுமுறையில் உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறேன். போன கோடையிலும் அப்படித்தான் சொன்னேன்.