குமரிக் காற்றில் லிப்போ பேட்டரி: சில சீசன் அனுபவம்

நாகர்கோவில் பக்கம் ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் இயங்கும் குட்டி விமானம் விடுகிறவர்களுக்கு வருஷம் முழுக்க வானம் கிடைக்காது. ஆனி, ஆடியில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று ஃபோம் விமானத்தை நிற்க விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையோடு போய்விடும். கும்பப்பூ நெல் அறுத்து வயல் காய்ந்து கிடக்கும் நாட்கள்தான் நமக்குத் தோது. ஆகவே விமானத்தின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பறக்கிறதைவிட அலமாரியில் கிடக்கிறதுதான் அதிகம். அதன் ஆயுளும் அங்கேதான் தீர்மானமாகிறது.

நானும் நண்பர் ஒருவரும் ஒரே நாளில் வாங்கிய 3எஸ் (வரிசையாக மூன்று செல்) 2200 எம்ஏஹெச் (2.2 ஆம்பியர்-மணி) லிப்போக்கள் இதற்குச் சாட்சி. அவர் எப்போதும் ஃபுல் சார்ஜில், அதாவது செல்லுக்கு 4.2 வோல்ட்டில் வைத்திருப்பார். மழை விட்டதும் கிளம்பலாமே என்ற ஆசை. நான் 3.8க்கு இறக்கி வைப்பேன். இப்போது அவருடையதை இரு விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறது, உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. த்ராட்டில் கொடுத்து மோட்டார் வேகத்தைக் கூட்டியதும் வோல்டேஜ் சரிகிறது. என்னுடையது இன்னும் தட்டையாகவே இருக்கிறது.

3.8க்கு இறக்க சார்ஜரின் ஸ்டோரேஜ் மோடில் போட்டால் பொறுமை வேண்டும். சாதாரண 50 வாட்ஸ் சார்ஜர் 5 வாட்ஸ் வேகத்தில்தான் இறக்கும், ஃபுல் பேக்குக்கு மூன்று மணி நேரம்போல் ஆகும். நான் 21 வாட்ஸ் கார் இண்டிகேட்டர் பல்பில் பேட்டரியின் முக்கிய வயருக்கான எக்ஸ்டி60 பிளக் பற்றவைத்து, ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் மெல்லிய பேலன்ஸ் வயரில் வோல்டேஜ் குறைந்தால் ஒலிக்கும் பஸ்ஸரை 3.8க்கு வைத்துவிடுவேன். முக்கால் மணி நேரத்துக்குள் கத்திவிடும். பல்பைக் கழற்றியதும் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி நிற்கும், அது சரிதான்.

சார்ஜ் எப்போதும் 1சி, அதாவது பேட்டரி கொள்ளளவுக்குச் சமமான 2.2 ஆம்பியர், எல்லா செல்லையும் ஒரே அளவில் ஏற்றும் பேலன்ஸ் மோடில். லேபிளில் 5சி, அதாவது அதன் ஐந்து மடங்கு, என்று போட்டிருந்தாலும் எனக்கு அவசரமில்லை. பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜில் போடவே கூடாது. வராந்தா தரையில் மண்சட்டிக்குள் வைத்துத்தான் ஏற்றுவேன், அது முடியும்வரை நான் படுக்கப் போவதில்லை.

அப்புறம் உப்புக்காற்று. முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் இருப்பவர்கள் பேலன்ஸ் பிளக்கின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், பின்கள் கருத்திருக்கும். சார்ஜர் ஒரு செல்லை மட்டும் கன்னாபின்னாவென்று காட்டும், செல் போச்சு என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பின்னைத் துடைத்து, மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பல நேரம் செல் நன்றாகவே இருக்கும். எக்ஸ்டி60 தங்கமுலாம் என்பதால் அவ்வளவு தொந்தரவில்லை.

கையில் பிடிக்கும் ரிமோட்டான டிரான்ஸ்மிட்டரில் எனலூப் பிராண்ட் நிக்கல் செல்கள். மாதக்கணக்கில் கிடந்தாலும் சார்ஜ் நிற்கிறது, அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

உப்பிய லிப்போவை ஊசியால் குத்தி வாயுவை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உப்புத் தண்ணீரில் போடுவதும் வேண்டாம், சார்ஜ் தீரும் முன்பே முனை அரித்துப் போகும், உள்ளே மிச்சம் அப்படியே இருக்கும். திறந்த வெளியில் வைத்து அதே பல்பில் பூஜ்யம்வரை இறக்கி, வயரை வெட்டி டேப் சுற்றி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.